120 பிக்சல் அகலத்தில் ஒரு கேம்: ஸ்டீம் கடைப் படங்கள் எப்படி வேலை செய்கின்றன

2024ஆம் ஆண்டில் மட்டும், கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் புதிதாக வெளியாயின; அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது. 2017 ஜூன் மாதம், ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பின் மூலம் கேம்களைத் தேர்ந்தெடுக்கும் கிரீன்லைட் முறையைக் கைவிட்டு, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் எவரும் வெளியிடலாம் என்ற முறைக்கு ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் மாறியதிலிருந்து இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இவற்றில் பெரும் பகுதி, தனியாளாகவோ நாலைந்து பேராகவோ சேர்ந்து, கையிலிருக்கும் சேமிப்பைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கியவை. இவற்றின் பின்னால் பெரிய நிறுவனத்தின் பெயரோ விளம்பரப் பணமோ கிடையாது. வாங்க வருபவர் கண்ணில் முதலில் படுவது, கேப்ஸ்யூல் என்று வால்வ் பெயர் வைத்திருக்கும் ஒரு சிறிய செவ்வகப் படம் மட்டுமே. அதைத் தாண்டிக் கண் நகர்ந்துவிட்டால், அதற்குப் பின்னாலிருக்கும் டிரெய்லரையும் விளக்கத்தையும் இசையையும் கதையையும் அவர் பார்க்கப்போவதே இல்லை.

இருந்தும், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது அவசரமாகச் செய்து ஒட்டும் ஒன்றாகவே பல குழுக்கள் இந்தப் படத்தைக் கருதுகின்றன. கேமிலிருந்தே ஒரு காட்சியை வெட்டியெடுத்து, மேலே பெயரை எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல ஓவியர் ஒருவருக்குப் பெரிய தொகை கொடுத்து, சுவரில் மாட்டத் தகுந்த ஓவியத்தை வாங்கி, அதை அப்படியே சுருக்கிப் போடுபவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் கிடைப்பது பெரும்பாலும் வேலை செய்யாத படம்தான். கடைப் படத்துக்கென்று தனிக் கடமை ஒன்று இருக்கிறது. இது எந்த வகை ஆட்டம், எந்த மனநிலையில் ஆட வேண்டியது என்பதை, அந்த வகையை விரும்பும் ஒருவருக்கு அவருடைய கண் ஓடும் வேகத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வகையை விரும்பாதவர் நிற்காமல் கடந்து போவதும் அதே படத்தின் வெற்றியே. அழகும் நுணுக்கமும் ஓவியரின் கைத்திறனும் இந்தக் கடமைக்குத் துணை நிற்கும் அளவுக்குத்தான் பயன் தருகின்றன.

வால்வ் கேட்கும் படங்களின் அளவுகளைப் பார்த்தாலே இந்த வேலையின் இயல்பு விளங்கும். கடைப் பக்கத்தின் உச்சியில் நிற்கும் தலைப்புப் படம் 920×430 பிக்சல். முகப்புப் பக்கத்தில் பெரிதாக மாறிமாறி வரும் முதன்மைப் படம் 1232×706. பருவகால விற்பனைகளின்போது காட்டப்படும் நெடும்படம் 748×896. பட்டியல்களிலும் தேடல் முடிவுகளிலும் வருவது 462×174. வாங்கியவரின் நூலகத்தில் நிற்பது 600×900. அந்த நூலகப் பக்கத்தின் தலைப்பில் அகலமாக விரிவது 3840×1240. இவற்றில் கடைப் படங்களுக்கான அளவுகளை 2024இல்தான் வால்வ் இரட்டிப்பாக்கியது. பழைய வழிகாட்டிகளில் காணப்படும் 460×215, 231×87 போன்றவை அதற்கு முந்தையவை. ஒரு படம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு அகலம். இன்னொன்று அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரம். ஒரே ஓவியத்தை இப்படியும் அப்படியும் வெட்டி இத்தனை வடிவங்களுக்கும் பொருத்த முயன்றால், எங்காவது ஓரிடத்தில் நாயகனின் தலை போகும், அல்லது பெயர் ஒரு மூலையில் ஒடுங்கும். ஆகவே பாத்திரம், முன்னணிப் பொருள்கள், பின்னணி, லோகோ ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களாக வரைந்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் புதிதாக அடுக்கி அமைப்பதே நடைமுறையில் சரிப்படுகிறது.

இவற்றில் எது முதன்மையானது என்று கேட்டால், பெரிய படங்களைக் காட்டுவதுதான் பலருடைய வழக்கம். என் கணிப்பில் மிகச் சிறியதே மிக முக்கியமானது. 462×174 என்ற அளவில் நாம் ஏற்றும் படத்தை ஸ்டீம் தானாகவே சுருக்கி, 184×69, 120×45 என்ற இரண்டு அளவுகளிலும் உருவாக்கிக்கொள்கிறது. 120×45 என்றால் மொத்தம் 5,400 பிக்சல்கள். ஏற்றிய படத்தின் பரப்பில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. நாயகியின் கண்ணிமையும், வாள்பிடியில் செதுக்கிய வேலைப்பாடும், தொலைவில் எரியும் கோட்டையும் இந்த இடத்துக்குள் தங்குவதில்லை. தங்குவதெல்லாம் ஒரு வெளிப்புற வடிவம், ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான ஒரு பிரிவு, கேமின் பெயர். சிறிய படத்தில் லோகோ கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்று வால்வின் வழிகாட்டியே சொல்கிறது. ஓடிவரும் பேருந்தின் நெற்றிப் பலகையை நிறுத்தத்தில் நிற்பவர் படிப்பதைப் போன்றது இது: ஊர்ப் பெயர் தெரிந்தால் கை நீட்டுவார், தெரியாவிட்டால் பேருந்து போய்விடும்.

எனவே வேலையைச் சிறியதிலிருந்து தொடங்குவது நல்லது. வண்ணமே இல்லாமல், வெள்ளை, சாம்பல், கறுப்பு என்ற மூன்று அடர்த்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, தீப்பெட்டிப் படம் அளவுக்குப் பல முன்வரைவுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தை அறிவதற்கு முன்பே வெளிச்ச வேறுபாட்டைக் கண் பிடித்துவிடுகிறது என்பதால், கறுப்பு வெள்ளையில் புரியாத அமைப்பு வண்ணம் பூசினாலும் புரியப்போவதில்லை. தேறிய ஒன்றிரண்டு வரைவுகளை, அதே வகைக் கேம்கள் வரிசையாக நிற்கும் ஒரு ஸ்டீம் பட்டியலின் திரைப்பிரதியில், உண்மையான அளவில் நடுவே பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் பல குறைகள் வெளிப்படும். ஸ்டீம் பக்கத்தின் பின்னணி அடர்ந்த நீலச் சாம்பல் நிறம். விளிம்புவரை இருட்டாகவே செல்லும் படம் அதில் கரைந்து, எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகிறது; திகில் கேம்களுக்கும் விண்வெளிக் கேம்களுக்கும் இந்த இடர் அதிகம். பின்னர் வாங்கலாம் என்று குறித்துவைக்கும் விஷ்லிஸ்டில் சேர்த்தவருக்கும் ஏற்கெனவே வாங்கியவருக்கும் படத்தின் மேல் இடது மூலையில் ஸ்டீம் ஒரு சிறு பட்டையை ஒட்டுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த மூலையில் பெயரின் முதல் எழுத்து இருந்தால், அதைத்தான் பட்டை மறைக்கும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இயங்கும் டீம் செர்ரி என்ற சிறு குழு 2017 பிப்ரவரியில் வெளியிட்ட ஹாலோ நைட் கேமை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அதன் நாயகனுக்கு இருப்பது இரண்டு கொம்புகள் கொண்ட ஒரு வெள்ளை முகமூடி, அதில் இரண்டு கரிய கண்குழிகள், கீழே ஓர் இருண்ட மேலங்கி, அவ்வளவுதான். எவ்வளவு சுருக்கினாலும் அந்த வெள்ளை வடிவம் இருட்டிலிருந்து பிரிந்தே நிற்கிறது. வாய் இல்லை, மூக்கு இல்லை, ஆடையில் அலங்காரம் இல்லை என்பதால் சுருங்கும்போது இழப்பதற்கும் ஒன்றுமில்லை. இருண்ட குகைகளில் வேகமாக ஓடும் உருவத்தை ஆட்டக்காரரின் கண் தொலைக்காமல் இருக்க வேண்டும் என்ற தேவைக்கும் பொருந்திய உருவம் அது; கடைப் படத்துக்கும் அதே குணம் உதவியது. இதிலிருந்து கிடைக்கும் பாடம் சற்றுக் கடினமானது. நல்ல கேப்ஸ்யூல் கிடைக்காமல் திண்டாடும் குழுவின் சிக்கல் சில வேளைகளில் கேப்ஸ்யூலில் இருப்பதில்லை. கேமின் நாயகனுக்கே தனித்த உருவம் அமையவில்லை என்பதே காரணமாக இருக்கும். அந்தக் குறையை ஓவியர் எவராலும் கடைசி நேரத்தில் ஈடுசெய்ய முடியாது.

வடிவம் தெளிவாகிவிட்டால் அடுத்த கேள்வி, அது எதைச் சொல்கிறது என்பது. ஒவ்வொரு ஆட்ட வகைக்கும் படங்களில் ஒரு மரபு உருவாகியிருக்கிறது. நகரம் கட்டும் கேம் என்றால் மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கட்டடங்கள். நிதானமான விவசாய கேம் என்றால் திறந்த வானமும் பசுமையும் உருண்டையான எழுத்துகளும். திகில் என்றால் பாதி மறைந்த முகமும் ஒற்றை விளக்கும். புதுமை விரும்பும் படைப்பாளிகளுக்கு இந்த மரபுகள் சலிப்பூட்டுகின்றன. தங்கள் கேம் மற்றவற்றைப்போல் இல்லை என்பதைப் படத்திலும் காட்ட ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை புரிகிறது, ஆனால் கடைப் படத்தில் அது பெரும்பாலும் கெடுதலாகவே முடிகிறது. விவசாய கேம்களை விரும்பித் தேடுபவர் வானத்தையும் வயலையும் அடையாளமாக வைத்தே தேடுகிறார். அந்த அடையாளத்தை மறைத்தால் அவர் கடந்து போவார். அருவமான படத்தை ரசித்து உள்ளே வருபவரோ வயலைக் கண்டதும் வெளியேறுவார். எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலியின் லோகோவைப் பார்த்தால், மரப்பலகையில் செதுக்கியதுபோன்ற எழுத்துகளும் அவற்றைச் சுற்றிய பசுமையும் நீல வானமும்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. அங்கே ஒரு கதாபாத்திரத்தின் முகம்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டு வகைகளைக் கலந்த கேமுக்கு இது இன்னும் சிக்கலாகிறது. மெல்போர்னைச் சேர்ந்த மாசிவ் மான்ஸ்டர் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட கல்ட் ஆஃப் த லாம்ப், ஒருபுறம் அடியார்களைத் திரட்டி ஊர் அமைக்கும் ஆட்டம், மறுபுறம் சண்டை ஆட்டம்; தோற்றத்தில் குழந்தைப் புத்தகப் படங்களின் இனிமை, உள்ளடக்கத்தில் பலியும் ரத்தமும். அதன் முகப்படத்தில் செல்லமான ஆட்டுக்குட்டி ஒன்று, தலையில் சிவப்புக் கிரீடத்தோடு, மாந்திரீகச் சூழலின் நடுவே நிற்கிறது. இரண்டு பாதிகளும் ஒரே உருவத்தில் வந்துவிடுகின்றன. பாதிப் படத்தில் ஊரையும் மீதிப் பாதியில் சண்டையையும் வரைந்திருந்தால், 120 பிக்சலில் இரண்டுமே தெரியாது. வகைகள் கலந்த கேமுக்குப் படம் தேடுபவர்கள், முரண்பட்ட இரண்டையும் தாங்கும் ஒற்றைப் பொருளைக் கண்டுபிடிக்கும்வரை வரைந்து பார்ப்பதில் நேரம் செலவழிப்பது வீண்போகாது.

கேமின் பெயர் எதையும் சொல்லாதபோது படத்தின் சுமை கூடும். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட வெண்பா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் புதிர்கள் வழியாகச் சொல்லும் அந்தக் கேம், 2024இல் பிரிட்டிஷ் திரைக்கலை அமைப்பான பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. நமக்கு வெண்பா என்ற பெயர் கேட்டவுடனே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஸ்டீமில் கேம் வாங்கும் உலகத்தில் மிகப் பெரும்பாலோருக்கு அது பொருளறியாத ஓர் ஒலி. சமையல், குடும்பம், புலம்பெயர்வு எதையும் பெயரிலிருந்து அவர்களால் ஊகிக்க முடியாது. அத்தகைய கேமில் பாத்திரத்தின் உடையும் அடுக்களையும் உணவின் நிறமும்தான் பெயர் செய்யாத வேலையைச் செய்தாக வேண்டும். அந்தக் கேமின் தட்டையான அழுத்தமான வண்ணங்களும் தடித்த வடிவங்களும் அந்த வேலைக்கு ஏற்றவையாக அமைந்திருக்கின்றன. பெயரை மாற்றச் சொல்லி யாரேனும் அறிவுரை சொன்னால் கேட்க வேண்டியதில்லை. படத்துக்குக் கூடுதல் பொறுப்பு வந்திருக்கிறது என்பதை மட்டும் உணர்ந்தால் போதும்.

லோகோவைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் நிகழ்கின்றன. மெல்லிய கோடுகள், கத்திமுனைபோல் நீளும் அலங்காரங்கள், எழுத்துக்குள் நிரப்பிய பாறை அல்லது துருப்பிடித்த இரும்பின் தோற்றம் எல்லாம் பெரிய திரையில் கண்ணைப் பறிக்கும். சுருங்கியதும் சாம்பல் கலங்கலாக மாறும். தடித்த கோடு, எழுத்துகளுக்கு உள்ளேயும் இடையேயும் போதிய வெளி, பின்னணியிலிருந்து பிரிக்கும் ஒரு நிழலோ ஓரக்கோடோ இருந்தால்தான் அது பிழைக்கும். பெயர் நீளமானால் இரண்டு வரியாக்கலாம். அதில் முதன்மைச் சொல்லைப் பெரிதாக்கி, துணைச் சொற்களைச் சிறிய படத்தில் விட்டுவிடக்கூடத் துணியலாம். எழுத்துகளுக்குப் பின்னால் வரும் பகுதியில் ஓவியத்தை அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்பதை ஓவியரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். முடிந்த ஓவியத்தின் மேல் லோகோவுக்கு இடம் தேடுவது, ஏறத்தாழ எப்போதும், பாத்திரத்தின் முகத்தின் மேல் எழுத்து ஏறி உட்காருவதில் முடிகிறது.

தமிழில் பெயர் எழுத விரும்புவோருக்கு இங்கே கூடுதல் கவனம் தேவை. நம் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் நீள்பவை. 45 பிக்சல் உயரத்தில், மேலே புள்ளிக்கும் கீழே உகர ஊகாரக் குறிகளுக்கும் இடம் விட்டால், எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது பாதிக்குச் சற்று மேல். புள்ளி ஒன்றிரண்டு பிக்சலாகி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், பெயரே மாறிவிடும். கணினியில் இயல்பாக வரும் எழுத்துருவை நம்பாமல், புள்ளியைப் பெரிதாக்கி, சுழிகளைத் திறந்து, அந்தப் பெயருக்கென்றே எழுத்தை வரைந்துகொள்வதே இதற்கு வழி. திரைப்படச் சுவரொட்டிகளுக்குத் தலைப்பு எழுதிய கலைஞர்களின் நீண்ட மரபு நம்மிடம் இருக்கிறது. தூரத்திலிருந்து படிக்க வேண்டிய தமிழை எப்படித் தடிக்க வைப்பது, எங்கே வளைப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தான் ஆதரிக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் படம் ஏற்றும் வசதியை ஸ்டீம் கொடுப்பதால், சீன மொழி போன்ற பெரிய சந்தைகளுக்கு அந்தந்த எழுத்தில் லோகோ செய்து வைப்பதும் சாத்தியம்.

படத்தில் எதை எழுதலாம் என்பதற்கு 2022 செப்டம்பர் 1 முதல் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. அதற்கு முன்பு பல கேம்கள் விமர்சன மதிப்பெண்களையும், விருது இலைவளையங்களையும், தள்ளுபடி அறிவிப்புகளையும் கேப்ஸ்யூலில் திணித்துவந்தன. பல மாதங்களுக்கு முன் முடிந்த சலுகைகூடப் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது கேமின் பெயருக்கும் அதன் துணைத்தலைப்புக்கும் மட்டுமே இடம். பெரிய புதுப்பிப்பு ஒன்றை அறிவிக்க வேண்டுமானால் அதற்கெனத் தற்காலிகப் படத்தை அதிகபட்சம் ஒரு மாதம் வைக்கலாம். விதியை மீறினால் கடையில் காட்டப்படுவது குறையும், அதிகாரபூர்வ விற்பனைகளில் முன்னிறுத்தப்படும் வாய்ப்பும் போகும். இந்த விதி சிறு படைப்பாளிகளுக்கு நன்மையே செய்தது என்பது என் எண்ணம். பெரிய பத்திரிகை கொடுத்த மதிப்பெண்ணைக் காட்ட வழியில்லாத கேமும், பத்து விருது வாங்கிய கேமும் இப்போது படத்தின் வலிமையில் மட்டுமே போட்டியிடுகின்றன.

விதிகள் தடுக்காத குறைகளும் இருக்கின்றன, அவை திரும்பத் திரும்ப வருகின்றன. முதுகைக் காட்டி நின்று தொலைவிலுள்ள மலையையோ சூரியனையோ பார்க்கும் நாயகன் அவற்றில் முதன்மையானவன். பெரிய ஓவியமாக அது ஏக்கத்தையும் விசாலத்தையும் உணர்த்தும். கேப்ஸ்யூலில் அது ஒரு சிறிய கறுப்புப் புள்ளி, பின்னால் ஆரஞ்சு நிறம். சண்டையா, புதிரா, நடந்து திரிவதா என்று எதுவும் தெரியாது. முகம் தெரியாததால் உறவும் ஏற்படாது. அடுத்தது, கேமிலுள்ள எட்டுப் பாத்திரங்களையும் வரிசையாக நிறுத்துவது. குழுவினருக்கு எல்லோரும் பிள்ளைகள்போலத்தான். ஆனால் முதன்முறை பார்ப்பவருக்கு அங்கே யாருமே இல்லை, கூட்டம் மட்டுமே இருக்கிறது. ஒருவரைப் பெரிதாக்கி, மற்றவர்களைப் பின்னணிக்கு அனுப்பவோ நீக்கவோ மனம் வர வேண்டும். அந்த ஒருவரும் சும்மா நிற்காமல், ஆட்டத்தில் ஆட்டக்காரர் எதைச் செய்வாரோ அதைச் செய்துகொண்டிருந்தால் பாதி விளக்கம் அங்கேயே முடிந்துவிடும்.

ஓவியத்துக்கும் உண்மையான ஆட்டத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்ற கேள்வி வீடியோ கேம் அளவுக்கே பழையது. அடாரி 1977இல் வெளியிட்ட வீட்டு கேம் கருவியில் ஆட்டக்காரரின் உருவத்துக்குக் கிடைத்தது எட்டு பிக்சல் அகலம். திரையில் தெரிந்தவை கட்டங்களும் கோடுகளும்தான். அதன் அட்டைப் பெட்டிகளிலோ கிளிஃப் ஸ்பான் போன்ற ஓவியர்கள் விமானங்களையும் பந்தயக் கார்களையும் போர்க்களங்களையும் உயிரோட்டமான ஓவியங்களாகத் தீட்டினார்கள். திரையில் இல்லாததைக் கற்பனை செய்துகொள்ள அந்த ஓவியம் ஆட்டக்காரருக்குத் துணை செய்தது. பெட்டியை வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுப்பதும் எளிதாக இருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. ஓவியத்துக்கு ஒரு சொடுக்கு தூரத்தில் ஸ்கிரீன்ஷாட்கள் இருக்கின்றன. 2015 ஜூன் முதல், வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆட்டம் தராத ஒன்றைப் படம் வாக்களித்தால், அதன் விலையைப் பணத் திருப்பமாகவும் எதிர்மறை விமர்சனமாகவும் படைப்பாளியே கொடுக்க நேர்கிறது.

இதற்காகக் கேமின் பாணியிலேயேதான் கேப்ஸ்யூல் இருக்க வேண்டும் என்பதில்லை. லூகா கலாண்டே தொடங்கிய வேம்பயர் சர்வைவர்ஸ் 2021 டிசம்பரில், முழுமையடையும் முன்பே விற்பனைக்கு விடும் முன்னோட்ட நிலையில் வெளிவந்தபோது அதன் ஆட்டக் காட்சிகள் பழைய கருவிகளை நினைவூட்டும் எளிய பிக்சல் உருவங்களாகவே இருந்தன. அதன் கடைப் படமோ தீட்டிய ஓவியம். ஆயினும் யாரும் ஏமாறவில்லை, ஏனென்றால் ஓவியமும் ஆட்டமும் ஒரே உலகைப் பேசின: பழைய பேய்க்கோட்டைக் கேம்களின் உலகை. ஓவியப் பாணி மாறலாம். ஆட்டத்தின் வகையும் மனநிலையும் வேகமும் மாறக் கூடாது. அமைதியான புதிர் கேமுக்கு வெடித்துச் சிதறும் நெருப்பைப் பின்னணியாக வைப்பதுதான் உண்மையில் பொய்.

கேப்ஸ்யூல் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது ஸ்கிரீன்ஷாட்களின் வேலை. குறைந்தது ஐந்து வேண்டும், 1920×1080 அளவுக்குக் குறையாமல்; அவற்றில் உண்மையான ஆட்டக் காட்சி மட்டுமே இருக்க வேண்டும், முன்வரைவு ஓவியங்களோ விருதுகளோ கூடாது. முகப்பில் முதன்மைப் படத்துக்குப் பக்கத்தில் நான்கு ஸ்கிரீன்ஷாட்கள் சிறிதாக நிற்கும் என்பதால், முதல் நான்கும் கேப்ஸ்யூலின் பகுதியென்றே கருதத் தக்கவை. நான்கும் ஒரே காட்டின் நான்கு மூலைகளாக இருந்தால் மூன்று வீண். ஒன்றில் ஆட்டத்தின் அடிப்படைச் செயல், இன்னொன்றில் வேறொரு சூழல், மூன்றாவதில் தேர்வு செய்யும் பட்டியலோ வரைபடமோ என்று இருந்தால், கேமில் எவ்வளவு இருக்கிறது என்பது புலப்படும். திரையிலுள்ள எண்களையும் பொத்தான்களையும் அசிங்கம் என்று நினைத்து நீக்கிவிடும் வழக்கம் தவறானது. அனுபவமுள்ள ஆட்டக்காரர் அவற்றைப் பார்த்துத்தான் இது எந்த வகை என்று தீர்மானிக்கிறார். மீண்டும் வெண்பாவையே எடுத்துக்கொண்டால், அதன் முதல் சமையல் இட்லி. தட்டுகளின் துளைகள் எப்படி அமையும்படி அடுக்கினால் ஆவி சரியாகப் போகும் என்பதே அங்கே புதிர். வெந்த இட்லி ஆவி பறக்கத் தட்டில் இருக்கும் படம் அழகானது. ஆனால் தட்டுகள் பாதி அடுக்கிய நிலையைக் காட்டும் படம், இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. பட்டியலில் உள்ள கேமின் மேல் சுட்டியை வைத்தால் ஓடும் ஆறு நொடித் துணுக்கை, நாம் ஏற்றிய டிரெய்லரிலிருந்து ஸ்டீம் தானே வெட்டிக்கொள்கிறது. ஆகவே டிரெய்லரின் பெரும் பகுதியைக் குழுவின் சின்னமும் கறுப்புத் திரையில் வாசகங்களும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் படம் சார்ந்த வேலைதான்.

வெளியிலிருந்து ஓவியரை அமர்த்துவோர், அழகான படம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கக் கூடாது. ஆட்டத்தின் காணொளி, அதே வகையில் நன்றாக விற்ற சில கேம்களின் கேப்ஸ்யூல்கள், எல்லா வடிவங்களின் அளவுகள், லோகோ எங்கே வரும் என்ற குறிப்பு, ஒரே வாக்கியத்தில் ஆட்டத்தின் வாக்குறுதி ஆகியவற்றை முதல் நாளே கொடுக்க வேண்டும். சிறிய சாம்பல் வரைவுகளுக்குத் தனியாக ஒப்புதல் கேட்பதும், முடிந்த படத்தை லேயர்கள் பிரிந்த கோப்பாகப் பெறுவதும், விளம்பரத்துக்கும் சுவரொட்டிக்கும் சட்டைக்கும் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வைப்பதும் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. எழுத்து வரைவது தனிக் கலை என்பதால், ஓவியரே லோகோவும் செய்வார் என்று எதிர்பார்க்காமல் வேறொருவரை அமர்த்துவது பெரும்பாலும் பலன் தருகிறது. ஏஐ கருவிகளால் உருவாக்கிய உள்ளடக்கம் கேமில் இருந்தால் அதை வால்விடம் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறை 2024 ஜனவரியில் வந்தது. அந்த அறிவிப்பு கடைப் பக்கத்திலேயே வாங்குபவர் கண்ணில் படும். சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒருபுறம் இருக்க, சிறு குழுக்கள் சொந்தமாக உருவாக்கும் இண்டி கேம்களை ஆதரிப்பவர்களில் பலர் மனிதக் கைவேலைக்காகவே அவற்றை நாடுகிறார்கள். முகப்படத்திலேயே அந்த நம்பிக்கையை இழப்பது பெரிய இழப்பு.

படம் வேலை செய்கிறதா என்பதை ஓரளவு அளக்க முடியும். கேப்ஸ்யூல் எத்தனை முறை காட்டப்பட்டது, அவற்றில் எத்தனை முறை பக்கத்துக்கு வருகை நிகழ்ந்தது என்ற கணக்கை ஸ்டீம் படைப்பாளிக்குத் தருகிறது. கூகுள் பிளேயில் இருப்பதுபோல் இரண்டு படங்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி ஒப்பிடும் வசதி ஸ்டீமில் இல்லை. படத்தை மாற்றிவிட்டு முன்னும் பின்னும் ஒப்பிடத்தான் முடியும். அப்படி ஒப்பிடும்போது, காட்டப்பட்ட இடம் ஒன்றாக இருக்க வேண்டும். தேடல் முடிவில் பெயரைத் தேடி வந்தவர் எந்தப் படமிருந்தாலும் சொடுக்குவார். விற்பனைப் பக்கத்தில் ஓடிப்போகிறவர் அப்படியல்லர். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் தவறான முடிவுக்கே வருவோம். மாற்றுவதாக இருந்தால் வெளியீட்டுக்கு வெகுநாள் முன்பே, விஷ்லிஸ்ட் சேர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் மாற்றுவது நல்லது. முன்னோட்ட நிலையிலிருந்து முழு வெளியீட்டுக்குப் போகும் தருணமும் ஏற்றதே. அப்போது கேமும் உண்மையிலேயே மாறியிருக்கும்.

மற்றக் கடைகளின் அளவுகள் வேறு: இட்ச்.ஐஓ 630×500 படத்தைப் பரிந்துரைக்கிறது, அசையும் படத்தையும் ஏற்கிறது; கூகுள் பிளே 512×512 ஐகானையும் 1024×500 பதாகையையும் கேட்கிறது. லேயர்களாகப் பிரித்து வைத்திருக்கும் குழுவுக்கு இவை ஒரு பிற்பகல் வேலை.

வாங்கியபின் காட்டப்படும் நூலகப் படங்களுக்கு மட்டும் இந்தக் கண்டிப்புகள் தளர்கின்றன. 600×900 படம், வாங்கிவிட்டு இன்னும் தொடாத கேம்களின் அடுக்கில் நின்று, ஆட வரும்படி நினைவூட்டினால் போதும்; அங்கே பெயரும் ஒரு வலுவான உருவமும் தேவை. 3840×1240 அகலப் படத்திலோ எழுத்தே வரக் கூடாது. லோகோவைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் ஸ்டீம் அதை மேலே பொருத்திக்கொள்ளும். சாளரத்தின் அளவுக்கேற்ப ஓரங்கள் வெட்டப்படும் என்பதால் முக்கியமானவற்றை நடுவில் வைக்க வேண்டும். வகையை விளக்கவும், கூட்டத்தில் கையசைக்கவும் இங்கே அவசியமில்லை. கேப்ஸ்யூலுக்கு ஒத்துவராமல் ஒதுக்கிய அந்த மலைச்சரிவையும், முதுகு காட்டி நிற்கும் நாயகனையும் ஓவியர் இங்கே தாராளமாக வரையலாம்.